கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தில் சேறு எடுக்கப் போகிறவருக்கு

முதுகலை நிலவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவர் கேட்டிருந்தார்: "கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தில் 20 இடங்களில் அடிச்சேறு எடுத்து, அதில் மணல் எவ்வளவு, வண்டல் எவ்வளவு, களி எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் என் ஆய்வேடு. ஏப்ரலில் ஒரு நாள் படகு வைத்து முடித்துவிடலாம் என்றிருக்கிறேன். இதிலிருந்து உருப்படியாக என்ன தெரியவரும்? வேறு ஏதாவது சேர்க்கலாமா?"

ஏப்ரல் என்று படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஏப்ரலில் அந்த முகத்துவாரத்தில் ஆறு இருக்காது. ஆற்றின் பள்ளம் இருக்கும், அதில் கடல்தண்ணீர் நிற்கும். காரணம் மேலே திருச்சிப் பக்கம் இருக்கிறது. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது அல்லவா? பாசனத்துக்கு வேண்டியது காவிரிக் கிளையில் கல்லணைக்குப் போய், வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து பிரிந்து வயல்களில் முடிந்துவிடுகிறது. பூம்புகாரில் கடலைத் தொடும்போது காவிரி ஒரு வாய்க்கால் அகலத்துக்கு வந்துவிடுகிறது. கொள்ளிடத்துக்கு வருவது மிச்சம்தான். அந்த மிச்சத்தையும் கீழணையில் மறித்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் திருப்புகிறோம். அதற்கும் கீழே, முகத்துவாரத்தில் உள்ள பழையாறு என்ற ஊர் வரைக்கும் நன்னீர் பெருகி ஓடுவது வெள்ள நாட்களில் மட்டும்தான். வருஷத்தில் சில நாள், சில வருஷங்களில் அதுவும் இல்லை.

வெள்ளம் வந்தால் எப்படி வரும் என்பதற்கு 2018 ஆகஸ்டை நினைத்துப் பாருங்கள். மேட்டூர் நிரம்பி, உபரி அத்தனையும் கொள்ளிடத்தில் இறங்கியது. 1830-களில் கட்டிய முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் இடிந்து போயின. அப்படிப்பட்ட சில நாட்களில் ஆறு முகத்துவாரத்தைத் துடைத்து, திட்டை உடைத்து, அடியில் கிடந்ததை அள்ளிக் கடலுக்குள் தள்ளிவிடும். பிறகு மாதக்கணக்கில் கடல் அந்தப் பள்ளத்தைத் திரும்ப நிரப்பும். நீங்கள் ஏப்ரலில் எடுக்கும் சேறு, இந்த நிரப்பும் வேலையின் நடுவில் ஒரு நாள் எடுத்த புகைப்படம் மாதிரி. தவறில்லை. ஆனால் அதை வைத்து "கொள்ளிடம் முகத்துவாரத்தின் படிவுகள் இப்படி" என்று எழுதினால் ஆற்றைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்றுதான் ஆகும்.

அதனால் என் யோசனை இது. 20 இடங்களைப் பத்தாகக் குறையுங்கள். அதே பத்து இடங்களுக்கு இரண்டு முறை போங்கள், ஒன்று வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் செப்டம்பரில், இன்னொன்று மழை முடிந்து ஜனவரியில். செப்டம்பரைக்கூட யோசித்து வையுங்கள். குடகில் தென்மேற்கு மழை வலுத்து மேட்டூர் வழிந்த வருஷமாக இருந்தால் ஜூலை, ஆகஸ்டிலேயே வெள்ளம் வந்து போயிருக்கும். கொள்ளிடத்துக்கு வெள்ளக்காலம் இரண்டு: ஒன்று மேற்கிலிருந்து அணைகளைத் தாண்டி வருவது, இன்னொன்று ஐப்பசி, கார்த்திகையில் நம்மூர் மழையால் வருவது. கீழணையில் தண்ணீர் திறந்த தேதியும் அளவும் நீர்வளத் துறையின் பதிவில் இருக்கும். சேற்றை எடுப்பதற்கு முன் அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாள் இல்லாமல் உங்கள் பத்து பைகளுக்கும் பொருள் சொல்ல முடியாது.

சரி, சேற்றில் என்ன பார்ப்பது?

துகளின் பருமனை அளப்பது ஏன் என்று முதலில் தெளிவாகிவிட வேண்டும். 2 மி.மீட்டரில் இருந்து 63 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) வரை மணல், அதிலிருந்து 4 மைக்ரான் வரை வண்டல், அதற்கும் கீழே களி. இந்த எல்லைகள் மனிதர்கள் வகுத்தவை. ஆனால் இவற்றுக்குப் பின்னால் இருப்பது தண்ணீருக்குள் விழும் வேகம். 30 டிகிரி வெப்பத்தில், 3 மீட்டர் ஆழமுள்ள அசையாத தண்ணீரில், 0.1 மி.மீ. நுண்மணல் ஐந்தாறு நிமிஷத்தில் அடியைத் தொட்டுவிடும். 4 மைக்ரான் துகளுக்கு ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். 2 மைக்ரான் களிக்கு ஒரு வாரத்துக்கு மேல்.

இங்கே நின்று யோசியுங்கள். கழிமுகத்தில் தண்ணீர் ஒரு வாரம் அசையாமல் நிற்கிறதா? ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஏற்றமும் வற்றமும் மாறிக்கொண்டே இருக்கின்றன. கணக்குப்படி ஒரு துளி களிகூட அங்கே படியக் கூடாது. ஆனால் பிச்சாவரம் பக்கத்து ஓடைகளில் கால் வைத்தால் முழங்கால் வரை களிச்சேறு. எப்படி?

உப்புதான் அந்த வேலையைச் செய்கிறது. களித் துகளின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருக்கும். ஆற்றுநீரில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதந்து வரும். கடல்நீரில் கரைந்துள்ள சோடியம், மக்னீசியம், கால்சியம் அயனிகள் அந்தத் தள்ளுவிசையை அடக்கிவிடுகின்றன. துகள்கள் மோதும்போது ஒட்டிக்கொள்கின்றன, திரள்கின்றன, திரண்டதும் கனத்து விழுகின்றன. இதற்கு முழுக் கடலுப்பு வேண்டாம், லிட்டருக்குச் சில கிராம் உப்பே போதும். அதனால்தான் ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கத் தொடங்கும் இடத்திலேயே தண்ணீர் மிகவும் கலங்கலாக இருக்கும், அங்கேயே சேறு படியவும் தொடங்கும்.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம், பார்த்துவிட்டே களத்துக்குப் போங்கள். இரண்டு கண்ணாடிப் பாட்டிலில் மழைநீர் நிரப்புங்கள். குளத்துக் களியில் ஒரு சிட்டிகை இரண்டிலும் போடுங்கள். ஒன்றில் மட்டும் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் உப்பு. குலுக்கி வையுங்கள். உப்புப் பாட்டிலில் பஞ்சுப் பிசிறு மாதிரி திரண்டு இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மற்றது மறுநாள் காலையிலும் கலங்கியே இருக்கும். நான் முதன்முதலில் இதைப் பார்த்த அன்றுதான், கழிமுகம் என்பது இரண்டு தண்ணீர் சந்திக்கும் இடம் மட்டும் இல்லை, அங்கே ஒரு வேதியியல் வேலையும் நடக்கிறது என்பது எனக்கு உறைத்தது.

இந்தத் திரளல் உங்கள் ஆய்வகக் கணக்கை நேராகப் பாதிக்கும். நீங்கள் கொண்டுவரும் சேற்றில் களி, திரளாகத்தான் இருக்கும். அப்படியே சல்லடையில் போட்டால் திரள்கள் வண்டலாகவும் நுண்மணலாகவும் கணக்கில் ஏறிவிடும். அதனால் முதலில் நன்னீரில் அலசி உப்பை எடுக்க வேண்டும், ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி உயிர்க்கழிவை எரிக்க வேண்டும், அப்புறம் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்துத் துகள்களைப் பிரிக்க வேண்டும். ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து களிச்சேற்றை முதலில் அடுப்பில் காயவைத்துவிடாதீர்கள். செங்கல் மாதிரி இறுகிவிடும், அதன்பின் எத்தனை ஊறவைத்தாலும் முழுதாகப் பிரியாது. ஈரச் சேற்றில் ஒரு பங்கைப் பருமன் பார்க்க வையுங்கள், வேறொரு பங்கைக் காயவைத்து ஈரம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் பிரித்து அளந்தபின் ஒன்றை மறந்துவிடக் கூடாது. நீங்கள் அளந்த 2 மைக்ரான் துகள் ஆற்றின் அடியில் 2 மைக்ரான் துகளாக விழவில்லை. அதைவிடப் பல மடங்கு பெரிய திரளாக விழுந்தது. ஆகவே ஓர் இடத்தில் களி அதிகம் என்றால் "இங்கே தண்ணீர் மிகமிக அமைதி" என்று உடனே எழுதிவிட முடியாது. களி எங்கிருந்து வந்தது, உப்பு எங்கே தொடங்கியது என்பதையும் அது சேர்த்துச் சொல்கிறது. தண்ணீரின் வேகத்தைக் கேட்க வேண்டுமானால் மணலைக் கேளுங்கள். மணல் திரள்வதில்லை. அதனால்தான் சேறு எடுக்கும் ஒவ்வோர் இடத்திலும் மேல்நீரின் உப்பும் அடிநீரின் உப்பும் தனித்தனியாக அளக்கச் சொல்கிறேன். வெள்ளம் வடியும் நாட்களில் மேலே நன்னீர் ஓடும், அடியில் கடல்நீர் ஆப்பு மாதிரி உள்ளே நுழைந்திருக்கும். மேல்நீரை மட்டும் அளந்தால் ஏமாந்துவிடுவோம்.

63 மைக்ரானுக்குக் கீழே சல்லடை உதவாது. உங்கள் துறையில் பெரும்பாலும் பிப்பெட் முறைதான் இருக்கும். உருளையில் கலக்கிவிட்டு, குறித்த நேரத்தில், குறித்த ஆழத்தில் உறிஞ்சி எடுப்பது. பாடப்புத்தக அட்டவணை பல நேரம் 20 டிகிரிக்குப் போட்டது. அதன்படி 4 மைக்ரான் எல்லைக்கு 10 செ.மீ. ஆழத்தில் சுமார் 2 மணி 2 நிமிஷம் கழித்து எடுக்க வேண்டும். நம் ஆய்வகத்தில் மின்விசிறி ஓடினாலும் 30 டிகிரி. அந்த வெப்பத்தில் தண்ணீர் இளகியிருக்கும், துகள் விரைவாக விழும், சரியான நேரம் 1 மணி 37 நிமிஷம். அட்டவணையை அப்படியே நம்பினால் 25 நிமிஷம் தாமதமாக எடுத்து, களியைக் குறைத்துக் காட்டுவீர்கள். உருளைக்குள் வெப்பமானியைப் போட்டுவிட்டு நேரத்தைக் கணக்கிடுங்கள். லேசர் கருவி கிடைத்தால் நல்லது, வேகமாக முடியும். ஆனால் களித் துகள் தட்டையானது என்பதால் லேசர் களியைக் குறைத்தே காட்டும். எந்த முறையானாலும் சரி, பத்து மாதிரிக்கும் ஒரே முறை. பாதியைப் பிப்பெட்டிலும் பாதியை லேசரிலும் பார்த்து ஒரே அட்டவணையில் போட்ட ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த உழைப்பு அத்தனையும் வீண்தானே என்று வருத்தமாக இருக்கும்.

அளந்தபின் சராசரி, பரவல், சாய்வு, குவிவு என்று நான்கு எண்கள் கணக்கிடுவீர்கள். ஃபோக், வார்ட் என்ற இருவர் 1957-இல் தந்த சூத்திரங்கள்தான் இன்றும் ஓடுகின்றன. அந்த எண்களை ஒன்றுக்கு எதிராக ஒன்று புள்ளியாக வைத்து, "இது கடற்கரை மணல், இது ஆற்று மணல்" என்று கோடு போட்டுப் பிரிக்கும் வழக்கம் நம் ஆய்வேடுகளில் நிறைய. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: கழிமுகத்தில் அந்தப் படங்களை நம்பாதீர்கள். ஃபோக்கும் வார்டும் அந்தச் சூத்திரங்களைத் தந்தது டெக்சாஸில் பிராசோஸ் என்ற ஓர் ஆற்றின் ஒரு மணல்திட்டை ஆராய்ந்தபோது. கழிமுகத்தின் மணலோ இரண்டு வீட்டுக்கும் சொந்தம். ஆறு கொண்டுவந்த அதே மணலைக் கடல் வாங்கி, சலித்து, கரையோரமாக இழுத்துப் போய், மறுபடி முகத்துவாரத்துக்குள் தள்ளுகிறது. எண்களைக் கணக்கிடுங்கள், வரைபடத்தில் இடம் இடமாகக் குறியுங்கள், முகத்துவாரத்தில் இருந்து உள்ளே போகப் போக எப்படி மாறுகிறது என்று பாருங்கள். அது போதும்.

கரையோரமாக இழுத்துப் போவதைப் பற்றி இன்னும் கொஞ்சம். நம் கிழக்குக் கரையில் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன, வாடை வீசும் மாதங்களில் தெற்கே. வருஷக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். இதற்குச் சாட்சி வேண்டுமானால் சென்னையைப் பாருங்கள். 1870-களில் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கியதும் வடக்கே போக வேண்டிய மணல் தெற்கே தேங்கி மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. கொள்ளிடத்தில் சுவர் இல்லை, அதனால் மணல் முகத்துவாரத்தின் குறுக்கே நாக்கு மாதிரி நீளும். எந்தப் பக்கத்தில் இருந்து நீள்கிறது என்பதே எந்தக் காற்றின் வேலை என்று சொல்லிவிடும். ஓதத்தின் (கடல் ஏற்றவற்றத்தின்) அளவு இந்தக் கரையில் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள்தான். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் அது பத்து மீட்டர் வரை போகும், அங்கே எல்லாவற்றையும் ஓதம் தீர்மானிக்கிறது. இங்கே அலையும், எப்போதாவது வரும் வெள்ளமும். வெளிநாட்டுக் கழிமுகம் பற்றிய கட்டுரையைப் படித்து அதன் படத்தை இங்கே பொருத்தும்போது இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள்.

மணலில் கனிமத்தையும் கொஞ்சம் பாருங்கள், இதற்குச் செலவே இல்லை. முகத்துவாரத்துக்கு வெளியே கரையில் கறுப்பும் செம்மையுமாகக் கோடு கோடாக மணல் படிந்திருக்கும். அலை இலேசான குவார்ட்ஸை அள்ளிக்கொண்டு போய், கனமான கார்னெட், இல்மனைட், மேக்னடைட் போன்றவற்றை விட்டுப் போனதன் அடையாளம் அது. பாலித்தீன் பைக்குள் ஒரு காந்தத்தைப் போட்டு மணலில் இழுத்தால் மேக்னடைட் ஒட்டிக்கொண்டு வரும். நுண்ணோக்கியில் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் தெரிந்தால் அது சார்னோக்கைட் பாறையின் பிள்ளையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பவானி இறங்கி வரும் நீலகிரி, இந்தப் பக்கம் சேர்வராயன், கொல்லிமலை எல்லாம் அந்தப் பாறைதான். ஒரு சிட்டிகை மணலில் நீலகிரியின் துண்டு பழையாற்றுக் கரையில் கிடக்கிறது என்று தெரியவரும்போது வரும் சந்தோஷத்தை அனுபவித்துப் பாருங்கள்.

எடுக்கும் முறையில் நடக்கும் தவறுகளை எந்த ஆய்வகமும் திருத்தித் தராது என்பதால் அதையும் விரிவாகவே சொல்கிறேன். கிராப் என்ற கவ்வு கருவியை இறக்கினால் அது விழும் வேகத்தில் முன்னால் தள்ளும் தண்ணீரே மேலேயுள்ள மெல்லிய சேற்றை ஊதித் தள்ளிவிடும். இடையில் ஒரு சிப்பி மாட்டினால் வாய் மூடாது, தூக்கும்போது நுண்சேறு வழிந்து மணல் மட்டும் மேலே வரும். அந்த மாதிரியை எடுத்துக்கொள்ளாதீர்கள், திரும்ப இறக்குங்கள். மெதுவாக இறக்குங்கள். மேலே வந்ததும் நடுவில் இருந்து, மேல் ஒரு செ.மீ. மட்டும் பிளாஸ்டிக் கரண்டியால் எடுங்கள். கிராப் பத்து செ.மீ. ஆழத்துக்கு அள்ளி வரும். மொத்தத்தையும் கலந்தால் போன மாத வெள்ளமும் போன வருஷ வெள்ளமும் ஒரே பையில் கலந்துவிடும். ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் மூன்று முறை இறக்கி மூன்று தனிப்பைகள் எடுங்கள். ஒரே இடத்துக்குள்ளேயே எவ்வளவு மாறுபடுகிறது என்று தெரிந்தால்தான், இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் உண்மையா என்று சொல்ல முடியும்.

படகிலேயே நிறத்தையும் மணத்தையும் எழுதுங்கள். மேலே பழுப்புத் தோல், அதற்குக் கீழே கறுப்பு, அழுகிய முட்டை வாடை. கடல்நீரில் சல்பேட் நிறைய உண்டு. ஆக்சிஜன் தீர்ந்த சேற்றுக்குள் நுண்ணுயிர்கள் அந்தச் சல்பேட்டை வைத்து மூச்சுவிடுகின்றன, வெளியே வருவது சல்பைடு. அது இரும்போடு சேர்ந்ததும் கறுப்பு. பழுப்புத் தோல் எத்தனை மி.மீ. என்பது முக்கியமான தகவல், ஆனால் காற்றுப் பட்டதும் கறுப்பு வெளுக்கத் தொடங்கிவிடும். ஊருக்கு வந்து பையைப் பிரித்து எழுதிய நிறம் அந்தச் சேற்றின் நிறம் இல்லை.

அடையாளச் சீட்டைப் பென்சிலால் எழுதி, இரண்டு பைகளுக்கு நடுவில் வையுங்கள். என்னுடைய முதல் களப்பயணத்தில் பேனாவால் எழுதினேன். மாலையில் கரை வந்தபோது பதினோரு பைகளில் மை கரைந்து எது எந்த இடம் என்று தெரியவில்லை. மூன்று நாள் உழைப்பைக் கரையிலேயே கொட்ட வேண்டியிருந்தது. இன்றும் நினைத்தால் வலிக்கிறது.

இப்போது நீங்கள் கேட்ட "வேறு ஏதாவது சேர்க்கலாமா" என்பதற்கு வருகிறேன். ஒரே ஒரு நெடுமாதிரி, அதாவது அடுக்கு குலையாமல் மேலிருந்து கீழாகக் குழாயில் எடுக்கும் சேறு, சேருங்கள். மேல்சேறு இடத்தைப் பற்றிச் சொல்லும், நெடுமாதிரி காலத்தைப் பற்றிச் சொல்லும். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். சுமார் 6 செ.மீ. விட்டமுள்ள பி.வி.சி. குழாய், ஒரு முனையை ராவிக் கூராக்கிக்கொள்ளுங்கள். வற்றத்தின்போது ஓர் அமைதியான ஓடையில் செங்குத்தாக அழுத்தி இறக்குங்கள். மீதியுள்ள குழாயைத் தண்ணீரால் நிரப்பி மேல்வாயை இறுக மூடிவிட்டால் சேறு வழுக்கி விழாமல் வரும். இழுப்பதற்கு முன் குழாய்க்கு உள்ளே சேறு எந்த மட்டத்தில் இருக்கிறது, வெளியே எந்த மட்டத்தில் இருக்கிறது என்று இரண்டையும் அளந்து எழுதுங்கள். அழுத்தும்போது சேறு எவ்வளவு அமுங்கியது என்பதை அந்த வித்தியாசம் சொல்லும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் இதில் கஷ்டம். அலையாத்திக் காட்டுக்குள் வெண்கண்டல் வேர்கள் தண்ணீரைத் தடுத்துச் சேற்றைப் பிடித்து வைக்கின்றன, அது நமக்கு நல்லது. ஆனால் அங்கே நண்டுகள் வளை தோண்டி மேலே இருப்பதைக் கீழேயும் கீழே இருப்பதை மேலேயும் புரட்டிக்கொண்டே இருக்கின்றன. வளை இல்லாத, ஓடையின் உட்புறத் திருப்பம் ஒன்றைத் தேடுங்கள்.

காலத்தை அளக்க ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயம் உதவும். காற்றில் உள்ள ரேடான் வாயு சிதைந்து ஈயம்-210 ஆகி, மழையோடு இறங்கிச் சேற்றில் ஒட்டிக்கொள்கிறது. ஏறத்தாழ 22 ஆண்டுக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். மேலிருந்து கீழே எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்த்தால் வருஷத்துக்கு எத்தனை மி.மீ. சேறு படிந்தது என்று கணக்கிடலாம், நூறு ஆண்டுக்குச் சற்று அதிகம் வரை பின்னால் போகலாம். 1963-ஐ ஒட்டி அணுகுண்டுச் சோதனைகளால் உச்சமடைந்த சீசியம்-137 இன்னொரு குறி. நம் அட்சரேகையில் அது மங்கலாகவே இருக்கும் என்பதால் அதையே முழுதாக நம்ப வேண்டாம். இந்த அளவீட்டுக்குக் கருவி உள்ள ஆய்வகம் ஒன்றின் உதவி வேண்டும், அதற்கு இப்போதே கடிதம் எழுதத் தொடங்குங்கள்.

நூறு ஆண்டு என்றதும் உங்களுக்கு ஒரு தேதி ஞாபகம் வர வேண்டும்: 1934, மேட்டூர் அணை. அந்த வருஷத்தில் இருந்து காவிரியின் மணலிலும் வண்டலிலும் பெரும்பங்கு அந்த அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தின் அடியில் தங்கிக்கொண்டிருக்கிறது. அதற்குச் சற்று முன்னால்தான் மேலே கிருஷ்ணராஜசாகர் அணை எழுந்தது. கடல்மட்டம் பனியுகத்துக்குப் பிறகு ஏறி, ஏறத்தாழ 8,500 முதல் 6,500 ஆண்டுகளுக்கு முன் ஏற்றம் தணிந்தபோதுதான் உலகின் பெரிய கழிமுகச் சமவெளிகள் பலவும் உருவாகத் தொடங்கின. அவ்வளவு காலமாகச் சேறு வந்துகொண்டே இருந்ததால்தான் தஞ்சை, நாகைச் சமவெளி கடலுக்கு மேலே நிற்கிறது. சமவெளியின் சேறு தன் எடையிலேயே மெதுவாக அமுங்கும், மேலே புதுச் சேறு விழுந்து அதை ஈடுகட்டும். இப்போது வரவு குறைந்துவிட்டது, ஆற்றில் உள்ள மணலையும் லாரி லாரியாக அள்ளுகிறோம், கடல்மட்டமோ மறுபடி ஏறிக்கொண்டிருக்கிறது. 1934-க்கு முன் வருஷத்துக்கு எத்தனை மி.மீ. படிந்தது, பின் எத்தனை மி.மீ. படிகிறது? உங்கள் ஒரு முழக் குழாய்க்குள் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கக்கூடும். 20 பைகளில் மணல் சதவீதம் பார்ப்பதைவிட இது எத்தனை பெரிய கேள்வி என்று பாருங்கள்.

குழாயை நெடுக்கில் பிளக்கும்போது களிக்கு நடுவே பளிச்சென்று ஒரு மணல் அடுக்கு தெரிந்தால் "சுனாமி" என்று உடனே எழுதிவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26 இந்தக் கரையில் மணலை உள்ளே கொண்டுவந்து போட்டது உண்மை. ஆனால் 2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய 'தானே' புயல் மாதிரியானவையும் மணலைக் கொண்டுவரும், பெருவெள்ளமும் ஆற்று மணலைக் கொண்டுவரும். ஆற்று மணலா கடல் மணலா என்பதற்கு ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் ஓடுகள் உதவும். அவற்றில் உவர்நீரில் வாழும், அம்மோனியா என்ற பெயருள்ள வகை (வாயு இல்லை) கழிகளில் சாதாரணம். ஆழக்கடல் பக்கம் வாழும் இனங்களின் ஓடுகள், அதுவும் உடைந்தும் தேய்ந்தும், ஒரு மணல் அடுக்கில் திடீரென்று வந்தால் கடல் உள்ளே வந்திருக்கிறது. அது சுனாமியா புயலா என்று ஒரே குழாயை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஈயம்-210 தரும் வயதும் பொருந்தினால் "2004 ஆக இருக்கலாம்" என்று எழுதலாம். அதுவே நேர்மையான வாக்கியம்.

உலோக மாசு பார்க்கச் சொல்லி யாராவது சொன்னால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். துத்தநாகம், செம்பு, ஈயம் எல்லாம் நுண்துகளில்தான் ஒட்டும். களி அதிகமுள்ள இடத்தில் உலோகமும் அதிகமாகவே இருக்கும், தொழிற்சாலையே இல்லாவிட்டாலும். அலுமினியத்தோடு விகிதம் பார்க்காமல், அல்லது 63 மைக்ரானுக்குக் கீழுள்ள பகுதியை மட்டும் பிரித்து அளக்காமல், ஓர் இடத்தை மாசடைந்தது என்று எழுதினால் அது அந்த ஊர் மீன்பிடிப்பவர்களின் பிழைப்பில் கை வைக்கும்.

அவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழையாறிலோ கொடியம்பாளையத்திலோ படகு பேசும்போது வயதானவர் ஒருவரோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுங்கள். முகத்துவாரம் எந்த வருஷம் எங்கே திறந்தது, எங்கே அடைந்தது, எத்தனை பாகம் (இரு கை விரித்த நீளம்) ஆழம் இருந்த இடம் இப்போது திட்டாகிவிட்டது, அடியில் சேறா மணலா என்பதெல்லாம் அவர்களுக்கு வலை விரித்துத் தெரிந்த விஷயம். அதைப் பெயரும் தேதியும் போட்டு, அவர் சம்மதத்தோடு, உங்கள் களக்குறிப்பில் எழுதுங்கள். காட்டுப் பகுதிக்குள் போவதானால் வனத்துறை அனுமதி முன்கூட்டியே வேண்டும். சதுப்பில் தனியாக இறங்காதீர்கள், ஒரு பலகையும் கயிறும் கூடவே இருக்கட்டும்.

பக்கத்தில் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. வெள்ளாற்றுக் கழிமுகத்தைத் தலைமுறைகளாகப் பார்த்துவரும் இடம் அது. நூலகத்தில் பழைய ஆய்வேடுகள் கிடைக்குமா என்று கேளுங்கள். பழைய வெள்ளாற்று அளவுகளை உங்கள் கொள்ளிடத்து அளவுகளோடு வைத்துப் பார்த்தால் ஒரு அத்தியாயமே எழுதலாம்.

ஏப்ரலில் படகு ஏற்கெனவே பேசிவிட்டீர்கள் என்றால் அதையும் விட வேண்டாம், போங்கள். பத்து இடங்களையும் ஜி.பி.எஸ்ஸில் குறித்து, ஆழமும் உப்பும் அளந்து, குழாய் இறக்க ஓடை தேடிவிட்டு வாருங்கள். எடுத்த சேற்றில் ஒவ்வொன்றிலும் பாதியை ஈரமாகவே, குளிரில், பிரிக்காமல் வைத்துவிடுங்கள். ஜனவரிச் சேறு கைக்கு வந்தபின் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில், ஒரே முறையில் அளந்துகொள்ளலாம்.